பித்தளைக் கேருபீன்: குறைகள் மட்டும்

1

இதைக் கதையாக எழுதும் எண்ணம் எனக்கு இருந்ததில்லை. நான் எழுதியது ஒரு புத்தக விமர்சனம். நிறைகள் ஒரு பாதி, குறைகள் ஒரு பாதி. அதில் ஒரு பாதியை மட்டும் அச்சடித்தார்கள். எந்தப் பாதி என்று தலைப்பே சொல்லிவிடும். அந்த அரை விமர்சனத்தைக் காட்டி ஒரு பெண்ணை வேலையிலிருந்து நீக்கினார்கள். மீதிப் பாதியை அச்சில் ஏற்ற எனக்கு வேறு இடம் கிடைக்கவில்லை. விமர்சனத்தைப் பாதியில் வெட்டினால் யாரும் கேட்பதில்லை. கதையைப் பாதியில் வெட்டினால் யாராவது ஒருவர் 'அப்புறம்?' என்பார். அந்த ஒரே நம்பிக்கையில் இந்த வடிவத்துக்கு வந்திருக்கிறேன்.

ஆக, இது கோபத்தில் எழுதப்படுகிறது. கோபத்தில் எழுதுவது கலையாகாது என்பார்கள் எங்கள் வாசகர் வட்டத்தில். அந்த வட்டமும் இதில் வருகிறது.

தொடக்கம் சரியாக அமையவில்லை. முதலில் இப்படி எழுதினேன்:

"உத்திரமேரூர் ஏரி தளும்பிக் கிடந்த ஒரு கார்த்திகை மாலையில், தோளில் துணிப்பையுடன் ஒரு இளம்பெண் பேருந்திலிருந்து இறங்கி—"

[அடித்துவிட்டேன். 2003-ஆம் வருடம். ஏரியில் மாடு மேய்ந்துகொண்டிருந்தது. நாவலை எழுதிய எப்சிபா பேருந்தில் வரவும் இல்லை. இரவல் மொபெட்டில் வந்தாள், அதுவும் வழியில் நின்றுபோய்ப் பாதித் தூரம் தள்ளிக்கொண்டு.]

அடுத்து:

"கொதிகலன் வெடித்த சத்தம் பாலாற்றுக்கு அக்கரையிலும்—"

[இதுவும் வேண்டாம். வெடித்ததிலிருந்து தொடங்கினால் நீங்கள் கண்கலங்கிவிடுவீர்கள். கண்கலங்கியவருக்குக் கோபம் வருவதில்லை. எனக்கு நீங்கள் கோபப்பட வேண்டும்.]

அதனால் கல்லாவிலிருந்து தொடங்குகிறேன்.

2

என் பெயர் பர்சானா. உத்திரமேரூர் பஜார் தெருவில் எங்கள் கடை. குழாய், வால்வு, மோட்டார் பெல்ட், அரிசி ஆலைகளுக்கு வேண்டிய உதிரிச் சாமான்கள். அத்தா ரஹமத்துல்லாவுக்குக் கண் மங்கியபின் கல்லாவில் நான் உட்காருகிறேன். ஆள் இல்லாத நேரத்தில் கதை எழுதுவேன். ஒன்றிரண்டு பத்திரிகைகளில் வந்திருக்கின்றன. அதனால் ஊர் வாசகர் வட்டத்தில் எனக்கு ஒரு நாற்காலி உண்டு. ஆயிரம் வருடத்துக்கு முன்பே குடவோலை போட்டுத் தேர்தல் நடத்திய ஊர் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமை பேசுவோம். வாசகர் வட்டத்துக்கு மட்டும் தேர்தல் கிடையாது. ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஜெகந்நாதன் ஐயாதான் தலைவர், அவரே செயலாளர், வட்டத்தின் மாத இதழுக்கும் அவரே ஆசிரியர்.

ஒரு நாள் அவர் கடைக்கு வந்து ஒரு புத்தகத்தைக் கல்லா மேல் வைத்தார்.

"இதப் பத்தி அடுத்த கூட்டத்துல நீ பேசணும்மா. நிறையும் சொல்லு, குறையும் சொல்லு. அப்படியே இதழுக்கும் எழுதிக் குடுத்துடு. நடுநிலையா இருக்கணும்."

"என்ன புக்கு ஐயா?"

"கிறிஸ்தவ நாவல். பறக்கற பித்தளைப் பொம்மை, பாய்லர், ஆவி, இப்படிப் போறது. எனக்கு ஓடல. உன் கடையில புழங்கற சாமானாச்சே, உனக்கு ஓடும்."

அட்டையில் நான்கு இறக்கையோடு ஒரு உருவம். இறகுகள் ஒவ்வொன்றும் ஸ்பானர் போல. 'பித்தளைக் கேருபீன்'. கேருபீன் என்றால் கிறிஸ்தவர்களின் வேதத்தில் வரும் இறக்கையுள்ள தேவதூதர். ஆசிரியர் பெயர் எப்சிபா செங்கேணி. பக்கத்துக் கிராமம் ஒன்றில் திருச்சபைப் பள்ளி ஆசிரியை என்று பின்னட்டை சொன்னது. சொந்தச் செலவில் போட்ட புத்தகம்.

செங்கேணி என்ற பெயர் என்னை இடறியது. ஏன் என்று அப்புறம் சொல்கிறேன்.*

(* 'அப்புறம் சொல்கிறேன்' என்பது மலிவான உத்தி. தெரிந்தே செய்கிறேன். நாலாம் பகுதிக்கு மேல் தள்ளிப்போட மாட்டேன்.)

3

நிறைகளை முதலில் போடுகிறேன், அவர்கள் கடைசியில்கூடப் போடவில்லை என்பதால். இதழுக்குக் கொடுத்த அதே கருத்துகள். நடை மட்டும் இப்போது கொஞ்சம் தளர்ந்திருக்கிறது.

இந்த நாவலின் உலகத்தில் மின்சாரம் கண்டுபிடிக்கப்படவே இல்லை. பாலாற்றில் கரை புரளத் தண்ணீர் ஓடுகிறது. நீராவிப் படகுகள் வாலாஜாபாத் துறையில் வந்து நின்று ஊதுகின்றன. தென்னேரி ஏரிக்கரையில் இரும்பு யானைகள் துதிக்கையால் தண்ணீர் இறைக்கின்றன. தேவாலயங்களுக்கு அடியில் சக்கரம். பஞ்சம் வந்த ஊருக்கு ஆலயமே உருண்டு போகிறது, உள்ளே கஞ்சி காய்ச்சிக்கொண்டு. இங்கே நிலக்கரி கிடையாது, எல்லா எந்திரமும் உமியில் எரிகிறது. அதனால் நாவல் முழுக்க அவித்த நெல்லின் வாசனை அடிக்கிறது. இந்த வகை எழுத்துக்கு வெளிநாட்டில் ஸ்டீம்பங்க் என்று பெயராம். பின்னாளில் காஞ்சிபுரம் பிரவுசிங் சென்டரில் பார்த்துத் தெரிந்துகொண்டேன். எப்சிபாவுக்கு அந்தச் சொல் தெரியாது. அவளுக்கு ஆவி தெரியும்.

ஆவி என்ற சொல்லில்தான் இந்த நாவலின் உயிர் இருக்கிறது. நமக்கு நீராவியும் ஆவி, பரிசுத்த ஆவியும் ஆவி, செத்தவர் உயிரும் ஆவி. இந்த மூன்றையும் ஒரே கொதிகலனில் போட்டு அவித்திருக்கிறாள். "ஆவி இறங்கியது" என்று ஒரு வாக்கியம் வரும். எந்த ஆவி என்று அந்த அத்தியாயம் முடிகிறவரை தெரியாது.

கதாநாயகி அன்னாள், அடுப்பில் உமி தள்ளுகிறவள். அவள் கைகூப்பி ஜெபிப்பதே இல்லை. உமியைத் தள்ளிக்கொண்டே பேசுகிறாள், திட்டுகிறாள், பேரம் பேசுகிறாள். ஜெபத்தைக் கைவேலையாக எழுதியிருக்கிறாள் இந்த ஆசிரியை. ஒரு விவசாயியின் மோட்டார் நின்றுபோனதென்று அத்தா தொழுகையை ஒத்திப்போட்டு பெல்ட்டை எடுத்துக்கொண்டு ஓடிய நாள் எனக்கு நினைவு வந்தது. நான் கிறிஸ்தவளில்லை. ஆனால் அந்த அடுப்பின் முன் எனக்கும் இடம் இருந்தது.

அந்தக் கேருபீன் பேசுவதும் இல்லை. அதற்குத் தெரிந்தது ஒரு விசில் மட்டும். அது ஊதினால் ஆளுக்கு ஒரு அர்த்தம் சொல்லி அடித்துக்கொள்கிறார்கள். பேசாத தேவதூதனைப் படைக்க ஒரு விசுவாசிக்குத் துணிச்சல் வேண்டும்.

[இங்கே மொழிநடையைப் பாராட்டி நாலு வரி எழுதியிருந்தேன். பொய். நடை பாதி பிரசங்க மேடை, பாதி வாலாஜாபாத் மார்க்கெட். எடுத்துவிட்டேன்.]

4

குறைகள்.

சில்லறைக் குறைகள் ஏராளம். அச்சுப்பிழை மலிந்து கிடக்கிறது. ஓரிடத்தில் கேருபீன் 'கேழ்வரகீன்' ஆகிவிட்டது. நடுவில் ஒரு போதகர் எழுந்து பிரசங்கம் தொடங்கினால், படகு கிளம்பி, போய்ச் சேர்ந்து, திரும்பியும் வந்துவிடும். அவர் முடித்திருக்க மாட்டார். ஞானஸ்நானம் வேண்டாம் என்று சொல்கிற பாத்திரங்கள் எல்லாரும் குடிகாரராகிறார்கள் அல்லது ஆற்றில் விழுகிறார்கள். எங்கள் ஊரில் ஞானஸ்நானம் பெறாதவர்களும் சுமாரான நல்லவர்கள்தான் என்பதற்கு நானே சாட்சி.

பெரிய குறை, வில்லன். பெயர் ஹைருல்லா. வால்வு வியாபாரி. தாடி, அத்தர், பச்சைத் திரை போட்ட கடை. விரிசல் விட்ட வால்வு என்று தெரிந்தே, அன்னாள் வேலை செய்யும் பேராலையின் கொதிகலனுக்கு விற்கிறான். அதனால் கொதிகலன் வெடிக்கும் நிலைக்குப் போகிறது.

எங்கள் கடையிலும் பச்சைத் திரைதான்.

இப்போது சொல்கிறேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வாலாஜாபாத் பக்கம் ஒரு அரிசி ஆலையில் கொதிகலன் வெடித்தது. அதை இயக்கிக்கொண்டிருந்த செங்கேணி என்பவர் வெந்துபோய் இறந்தார். அந்தக் கொதிகலனுக்கு சேஃப்டி வால்வு எங்கள் கடையில் வாங்கியது. ஆவி அளவுக்கு மிஞ்சினால் வால்வு தானாகத் தூக்கிக்கொண்டு வெளியே விட்டுவிடும். அப்படி ஆவி வீணாவது ஆலை முதலாளிக்குப் பிடிக்கவில்லை. வால்வை அழுத்திப் பிடிக்கும் நெம்புகோலில் நெல் மண்டியின் பழைய எடைக்கல் ஒன்றைச் சேர்த்துத் தொங்கவிடச் சொன்னார். வால்வு தூக்கவில்லை. வெடித்தது. எடைக்கல் தொங்கியதைக் களத்தில் இருந்த அத்தனை பேரும் பார்த்திருக்கிறார்கள். ஆனால் முதலாளி சொன்னார், "பாய் கடையில குடுத்த வால்வு சரியில்ல." விசாரணைக்கு அத்தாவைக் கூப்பிட்டார்கள். வழக்கு ஒன்றும் நிற்கவில்லை. ஆனால் ஆலைக்காரர்கள் எங்கள் கடைக்கு வருவதை நிறுத்திக்கொண்டார்கள். அந்தப் பழியை ஊர் மறக்க ரொம்ப காலம் ஆனது.

மறந்திருந்ததை நாவல் அச்சில் போட்டுவிட்டது. போட்டவள் செங்கேணியின் மகள்.

அந்தப் பகுதியை அத்தாவுக்கு வாசித்துக் காட்டினேன். கோபப்படுவார் என்று பார்த்தேன்.

"செங்கேணி பொண்ணா எழுதியிருக்கு?"

"ஆமா அத்தா. உங்களத்தான் எழுதியிருக்கா."

"வால்வு தூக்கற சத்தத்த சரியாப் புடிச்சிருக்கும்மா. பாம்பு சீறற மாதிரின்னு எல்லாரும் எழுதுவானுங்க. அது அப்பிடி இருக்காது. இந்தப் பொண்ணு பாலு பொங்கி அடுப்புல வழியற மாதிரின்னு எழுதியிருக்கு பாரு."

"அத்தா! உங்கள கொலைகாரன்னு எழுதியிருக்கா."

"அப்பன் இல்லாம வளந்த புள்ள. வுடு."

நான் விடவில்லை. அத்தாவின் பெருந்தன்மை எனக்கு இன்றுவரை எரிச்சல் தருகிறது. பழி சுமந்தவர் மன்னித்துவிட்டால் பழி போட்டவனுக்கு வசதியாகப் போய்விடுகிறது.

கடைசிக் குறை, கடைசி அத்தியாயம். கொதிகலன் வெடிக்கப் போகும் நொடியில் கேருபீன் பறந்து வந்து நான்கு இறக்கையாலும் அதைக் கட்டிக்கொள்கிறது. பித்தளை உருகுகிறது. கொதிகலன் அடங்குகிறது. உமி அள்ளுகிறவர்கள், நெல் காய வைக்கிறவர்கள், கொதிகலன் பார்க்கிற சாமுவேல், ஒருவரும் சாகவில்லை. இத்தனை உண்மையான ஆவியை எழுதிவிட்டு முடிவில் இவ்வளவு சுலபமான அற்புதமா என்று கேட்டு எழுதினேன். வில்லனையும் தப்பாகச் சொல்லி, சாவையும் இல்லாமல் ஆக்கினால் யார்தான் பொறுப்பு?

5

கூட்டம் கிளை நூலகத்தின் மாடியில். நான் இரண்டு பாதியும் பேசினேன். கைத்தட்டல் நிறைகளுக்கு வரவில்லை, குறைகளுக்கு வந்தது. எனக்குப் பின்னால் எழுந்த ஒருவர் "இது இலக்கியமே இல்லை, மதப் பிரசாரம்" என்றார். திருச்சபையிலிருந்து வந்திருந்த ஒருவர் "தூதனைப் பித்தளையில் செய்வது விக்கிரகம், இது பிரசாரம்கூட இல்லை" என்றார். இருவரும் புத்தகத்தைப் படித்திருக்கவில்லை. ஒருவருக்கொருவர் கை குலுக்கிக்கொண்டார்கள்.

எப்சிபா கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். ஏற்புரை சொல்லக் கூப்பிட்டபோது எழுந்து, "வந்தவங்களுக்கு நன்றி" என்று மட்டும் சொல்லி உட்கார்ந்தாள்.

கீழே மொபெட் பக்கத்தில் நின்றுகொண்டு என்னைக் கூப்பிட்டாள்.

"அக்கா, எங்கப்பா யாருன்னு தெரிஞ்சிக்கினுதான் பேசினியா?"

"தெரியும். எங்கத்தா யாருன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா எழுதினே? கல்லு தொங்கவிட்டது யாருன்னும் உனக்குத் தெரியும் இல்ல?"

"தெரியும்க்கா. எங்கம்மா இன்னும் அதே மில்லு களத்துலதான் நெல்லு காய வெச்சிக்கினு கீது. மொதலாளின்னு எழுதினா அன்னிக்கே வூட்டுக்கு அனுப்பிடுவான். பாய் கடைன்னா..."

"பாய் கடைன்னா?"

அவள் மொபெட்டின் ஸ்டாண்டைக் காலால் தட்டினாள்.

"பாய் கடைன்னா ஒண்ணும் பண்ணமாட்டாங்க. அதானே?"

"ஆமாக்கா," என்றாள் தரையைப் பார்த்துக்கொண்டு.

[இந்த இடத்தில் அவளை நான் மன்னித்ததாக ஒரு வரைவு எழுதினேன். அறைந்ததாக இன்னொன்று. இரண்டும் நடக்கவில்லை. "நீ என்ன நினைச்சியோ அது சரிதான், நாங்க ஒண்ணும் பண்ணமாட்டோம்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தேன்.]

அன்று என் கோபம் முழுக்க அவள் மேல்தான். அந்தக் கோபத்தோடுதான் விமர்சனத்தை எழுதி முடித்தேன். ஆனாலும் நிறைகளில் ஒரு வரியைக் குறைக்கவில்லை. நடுநிலை என்றால் அதுதான் என்று நம்பினேன்.

6

இதழ் வந்தது. தலைப்பு: 'பித்தளைக் கேருபீன், ஒரு பார்வை'. நிறைகள் இல்லை. ஒன்றுகூட இல்லை. குறைகள் மட்டும்.

அதிலும் ஒரு வாக்கியம். நான் எழுதியது: "முஸ்லிம் வியாபாரியை வில்லனாக்கியது தவறு, ஏனென்றால் வால்வில் எடையைத் தொங்கவிட்டது ஆலை முதலாளி என்பது ஊரறிந்த உண்மை." அச்சில் வந்தது: "முஸ்லிம் வியாபாரியை வில்லனாக்கியது தவறு."

அந்த முற்றுப்புள்ளி என்னுடையதல்ல.

பின்னட்டையில் முழுப் பக்கத்துக்குப் புழுங்கல் அரிசி மூட்டை. அதே ஆலையின் விளம்பரம்.

இதழைக் கையில் பிடித்துக்கொண்டு ஜெகந்நாதன் ஐயா வீட்டுக்குப் போனேன். சன்னிதித் தெருவில் வீடு. காபி கொடுத்தார். குடிக்கவில்லை.

"இடமில்லம்மா. நிறைகள அடுத்த இதழ்ல போடலாம்னு இருந்தேன்."

"பின்னட்டை முழுக்க அரிசி மூட்டை போட இடம் இருந்துதே ஐயா."

"விளம்பரம் இல்லாம இதழ் எப்படி வரும்? அவர் கோர்ட்டுக்குப் போனா நான் அலையணுமா இந்த வயசுல?"

"நான் பேரு போடலியே. முதலாளின்னுதானே எழுதினேன்?"

"இந்தச் சுத்துவட்டாரத்துல எல்லாருக்கும் புரியும்மா."

"புரியணும்னுதான் எழுதினேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "குறைகள மட்டும் போட்டது உன் நன்மைக்குதான். நிறைகளப் போட்டா, முஸ்லிம் பொண்ணு கிறிஸ்தவப் பிரசாரத்தப் பாராட்டறாளேன்னு உங்க மனுஷாளே பேசுவா. நான் அதையும் யோசிச்சேன்."

என்னைக் கேட்காமல் என் வாக்கியத்தை வெட்டியவர், என்னைக் கேட்காமல் என் நன்மையையும் முடிவுசெய்திருந்தார். "ஐயா, என் மனுஷங்க பேசறத நான் பார்த்துக்கறேன். நீங்க என் கமாவைத் திருப்பிக் குடுங்க" என்றேன். அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரித்தார். சிரித்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. எழுந்து வந்துவிட்டேன்.

7

அடுத்த வாரம் எப்சிபாவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். உத்தரவில் என்ன எழுதியிருந்தது என்று அவளுடைய சக ஆசிரியை ஒருத்தி கடைக்கு வந்து சொன்னாள். சகோதர மதத்தவரின் மனம் புண்படும்படி நாவல் எழுதியதாகவும், அம்மதத்தைச் சேர்ந்த விமர்சகரே அதைச் சுட்டிக்காட்டியிருப்பதாகவும்.

விமர்சகர் நான்தான்.

அந்தப் பள்ளிக்கு வகுப்பறைகள் கட்டிக்கொடுத்தவர் யார் என்றும் அவளே சொன்னாள். நீங்கள் நினைக்கிறவர்தான்: நாவல் யாரைப் பழித்தாலும், பழைய வெடிப்பை ஊர் மறுபடி பேசுவது பிடிக்காதவர்.

முழு விமர்சனத்தையும் நகல் எடுத்துக்கொண்டு பள்ளித் தாளாளரைப் பார்க்கப் போனேன். உட்காரச் சொன்னார். மரியாதையாகத்தான் பேசினார்.

"நாங்க உங்களுக்காகத்தாம்மா நடவடிக்கை எடுத்தோம்."

"எனக்காகவா? நான் கேட்டேனா சார்?"

"உங்க சமுதாயத்து மனசு புண்படக் கூடாது இல்லீங்களா?"

"எங்கத்தா மேல மில்காரர் பழி போட்டப்ப எந்தக் கமிட்டியும் கூடலியே. இப்ப மட்டும் எங்க மனசு எப்படி ஞாபகம் வந்துது?"

"அது போலீஸ் சமாச்சாரம். நமக்குத் தெரியாது."

"இந்த நாவலப் படிச்சீங்களா?"

"நாவல்லாம் படிக்கற பழக்கம் இல்லம்மா."

"என் விமர்சனத்தையாவது முழுசாப் படிங்க. இதோ."

"வெச்சிட்டுப் போங்க. கமிட்டியில பேசறேன்."

[இந்தத் தாளாளரை முழு அயோக்கியராக எழுத முயன்றேன், முடியவில்லை. எழுந்தபோது என் மூக்குக்கண்ணாடி கீழே விழுந்தது. அவர் குனிந்து எடுத்து, சட்டை நுனியில் துடைத்து, இரண்டு கையாலும் கொடுத்தார். அயோக்கியர்கள் இப்படி நடந்துகொள்ளக் கூடாது. கதை எழுதுகிறவர்களுக்குச் சிரமம். ஆனால் கமிட்டியில் அவர் பேசவில்லை. அதையும் பதிவு செய்கிறேன்.]

8

எப்சிபாவின் ஊர் வாலாஜாபாத்துக்கு முன்னால், ஆற்றோரம். கோபம் முழுதும் அடங்காமலேதான் போனேன். அவளை நான் பழித்தது வேறு. என் பெயரால் அவளைப் பட்டினி போட்டது வேறு. இரண்டையும் ஒரே கணக்கில் எழுத யாரையும் விடுவதாயில்லை.

வீட்டில் அவளுடைய அம்மா சிட்டம்மாளும் இருந்தார், களத்தில் இருக்க வேண்டிய நேரத்தில். காலில் இன்னும் நெல் தூசி.

"நீதான் அந்த பாய் பொண்ணா? குந்து."

அன்று காலையில் சிட்டம்மாள் முதலாளியிடம் போயிருக்கிறார். பள்ளிக்கூடத்தில் ஒரு வார்த்தை சொல்லி மகளை மறுபடி சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறார். முதலாளி சிரித்துக்கொண்டே, "ஒம் பொண்ணுதான் புக்கு எழுதி சம்பாரிக்கிறாளே, வேல இன்னாத்துக்கு?" என்றாராம். புத்தகம் எழுதியது அவருக்கு எப்படித் தெரியும், வேலை போனதில் அவருக்கென்ன சிரிப்பு என்று யோசித்துக்கொண்டே களத்துக்கு நடந்து வருவதற்குள், வேலை போனது அவருக்காகத்தான் என்று சிட்டம்மாளுக்குப் புரிந்துவிட்டது. நெல் தள்ளும் பலகையைக் களத்தின் நடுவிலேயே போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

"அந்த புக்குல இன்னாதான்டி எய்திகீற? உங்கப்பன யாரு சாவடிச்சான்னு எய்திகீற?" என்று என் எதிரிலேயே மகளைக் கேட்டார்.

எப்சிபாவை முந்திக்கொண்டு நான் சொன்னேன். "வால்வு கடைக்காரர்னு எழுதியிருக்கா. எங்கத்தாவ."

சிட்டம்மாள் என்னைப் பார்த்தார். மகளைப் பார்த்தார்.

"பாயி இன்னாத்துக்குடி சாவடிச்சாரு? உங்கப்பன பொதைக்கறப்போ இந்த ஊரு ஆம்பளைங்களே மொதலாளிக்குப் பயந்துக்கினு ஓரமா நின்னானுங்க. அந்த மனுசன் வந்து மண்ணு தள்ளிட்டுப் போனாரு. உனக்குத் தெரியாதா? நீயும் அங்கதான நின்னுக்கினு இருந்த?"

அத்தா இதை எங்களிடம் சொன்னதே இல்லை.

"உனக்கு வேல போயிடும்னுதாம்மா," என்றாள் எப்சிபா.

"போச்சுல்ல? இப்ப இன்னா? மாத்தி எய்து."

மாற்றி எழுதுவது அவ்வளவு சுலபமில்லை. அச்சான பிரதிகள் கட்டிலுக்கு அடியில் அட்டைப் பெட்டிகளில் கிடந்தன. திருத்தச் சீட்டு ஒன்று அடித்துத் தரச் சொல்லி அச்சகத்துக்குப் போனோம். "அந்த மில்லு காலண்டர் நாங்கதான் அடிக்கிறோம், வம்புல மாட்டி வுடாதீங்க" என்று சொல்லிவிட்டார்கள். அதனால் கையால் எழுதினோம், அவளும் நானும். மைதா பசை காய்ச்சி முதல் பக்கத்தில் ஒட்டினோம்.

"பிழை திருத்தம்: இந்நாவலில் 'வால்வு வியாபாரி ஹைருல்லா' என்று வரும் இடங்களிலெல்லாம் 'ஆலை முதலாளி' என்று வாசிக்கவும்."

அப்படி வாசித்தால் பல வாக்கியங்கள் உளறலாகின்றன. ஆலை முதலாளி தனக்குத் தானே வால்வு விற்றுக்கொள்கிறார். தன்னிடமே பேரம் பேசி, தன்னையே ஏமாற்றுகிறார். விமர்சகராகச் சொன்னால் நாவல் முன்னைவிட மோசமாகிவிட்டது. எனக்கு அதில் துளியும் வருத்தமில்லை.

பசைக் கையோடு நான் ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசினேன். "எப்சி, கடைசி அத்தியாயத்துக்கும் ஒரு சீட்டு போட்டுடலாமா? பாய்லர் வெடிச்சுதுன்னு. நடந்தது அதுதானே? அதயும் மறைச்சா அவனுக்குத்தானே லாபம்?"

அவள் ஒட்டிக்கொண்டிருந்த பிரதியை மூடிக் கீழே வைத்தாள்.

"சாமுவேல் யாருன்னு தெரியுமாக்கா?"

"பாய்லர் பாக்கறவர்."

"எங்கப்பாவோட ஞானஸ்நானப் பேரு. மில்லுல ஒருத்தனும் அந்தப் பேரச் சொல்லிக் கூப்பிட்டதில்ல. உனக்கு நாயமா பட்டுது, மொதலாளின்னு மாத்தினேன். எங்கப்பாவ மாத்தமாட்டேன். அவரு உசுரோட வூட்டுக்குத் திரும்பி வர்ற எடம் அது ஒண்ணுதான் கீது. அதுல பேனா வெக்காத."

9

முடிவு எழுத வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டேன். மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

முதலாவதில் வழக்கு நடக்கிறது. களத்துப் பெண்கள் எல்லாரும் கூண்டேறி எடைக்கல்லைப் பற்றிச் சாட்சி சொல்கிறார்கள். நீதிபதி—

[இல்லை. யாரும் வழக்குப் போடவில்லை.]

இரண்டாவதில் முதலாளி ஆள் அனுப்பி எல்லாப் பிரதிகளையும் வாங்கிக் கொளுத்துகிறார். ஒரு தமிழ் நாவல் மொத்தமும் விற்றுத் தீர்ந்த அதிசயம்—

[இதுவும் இல்லை. ஆசைதான்.]

நடந்தது இதுதான். முதலாளி ஒன்றும் செய்யவில்லை. அவர் செய்யத் தேவையே இல்லாதபடி மற்றவர்கள் செய்துவிட்டார்கள். பள்ளிக்கு இன்னும் இரண்டு வகுப்பறை கட்டிக்கொடுத்தார். கல்வெட்டில் அவர் பெயர் இருக்கிறது. எப்சிபாவைத் திரும்பச் சேர்க்கவில்லை. வாலாஜாபாத்தில் டியூஷன் எடுக்கிறாள், அடுத்த நாவல் எழுதுகிறாளா என்று கேட்டால் முறைக்கிறாள். சிட்டம்மாள் வேறொரு களத்துக்கு வேலைக்குப் போகிறார், கூலி குறைவு. ஜெகந்நாதன் ஐயாவின் அடுத்த இதழில் நிறைகள் வரவில்லை. அதற்கு அடுத்ததிலும் இல்லை. நான் வட்டத்துக்குப் போவதை நிறுத்திவிட்டேன். திருத்தச் சீட்டு ஒட்டிய பிரதிகள் எங்கள் கடையில் வால்வுகளுக்குப் பக்கத்தில் அடுக்கியிருக்கின்றன. எப்போதாவது ஒருவர் வாங்குகிறார். அத்தா ஒவ்வொருவரிடமும், "சத்தத்த சரியாப் புடிச்சிருக்கு பாருங்க" என்கிறார். மண் தள்ளியதைப் பற்றிக் கேட்டேன். "யாரு சொன்னா?" என்று கேட்டுவிட்டு நாஷ்டா சாப்பிடப் போய்விட்டார்.

ஒன்று மட்டும் மிச்சம். என் விமர்சனத்தின் முழு வடிவம் இதோடு அச்சேறிவிட்டது, ஒரு வாக்கியம் தவிர. கடைசி அத்தியாயத்தைக் குறைகளில் எழுதியிருந்தேன். விமர்சகராக இன்னமும் அது குறைதான் என்று நினைக்கிறேன். அப்படிப்பட்ட அற்புதத்தை நம்புகிற வாசகர், நாளைக்கு இன்னொரு களத்தில் எடைக்கல் தொங்கினால் தேவதூதன் வருவான் என்று பேசாமல் இருந்துவிடக்கூடும். ஆனால் அதைக் குறை என்று எழுதப் பேனாவை எடுக்கும்போதெல்லாம், ஒரு மனிதர் வேலை முடிந்து கைகால் கழுவிக்கொண்டு வீட்டுக்குள் நுழைகிறார். அவரை நான் எப்படி வெளியே அனுப்புவது?

எனவே அந்த வாக்கியத்தை முடிக்காமல் விடுகிறேன்:

"இந்நாவலின் கடைசி அத்தியாயம் அதன் மிகப் பெரிய ____________"

நிறை என்றோ குறை என்றோ நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள். எதை எழுதினாலும் உங்களோடு சண்டைக்கு வரமாட்டேன். ஒரே நிபந்தனை. புத்தகத்தை வாசித்துவிட்டு எழுதுங்கள். முழுதாக.